மொத்தக் கணக்கு சரி, ஆக்சிஜன் மட்டும் ஏன் குறைகிறது? (நுரையீரலில் காற்றோட்டமும் ரத்த ஓட்டமும் பொருந்துவது பற்றிய இழை)

#1 நுண்ணறை
சுவாச சிகிச்சைப் பிரிவில் படிக்கிறேன். நிமிடத்துக்கு நுண்ணறைகளுக்கு (நுரையீரலின் நுனிக் காற்றுப்பைகள்) போகும் காற்று சுமார் 4 லிட்டர், நுரையீரல் வழியே போகும் ரத்தம் சுமார் 5 லிட்டர், அதனால் வி/க்யூ விகிதம் (காற்றோட்டம்/ரத்த ஓட்டம்) 0.8 என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதுவரை சரி. சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) உள்ள நோயாளியின் மொத்தக் காற்றோட்டம் பல நேரம் சராசரியைவிட அதிகமாகவே இருக்கிறது, இதயமும் ரத்தத்தைத் தள்ளத்தான் செய்கிறது. அப்படியும் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ., கார்பன் டை ஆக்சைடு 40 என்று ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) வருகிறது. ஒரு பகுதி கெட்டால் நல்ல பகுதி ஏன் ஈடுகட்டுவதில்லை? இன்னொன்று: ஒருவருக்கு 2 லிட்டர் ஆக்சிஜனிலேயே எஸ்பிஓ2 (விரலில் அளக்கும் ஆக்சிஜன் நிறைவு) ஏறிவிடுகிறது, இன்னொருவருக்கு 15 லிட்டர் மாஸ்க் போட்டும் அசையவில்லை. இதுவும் அதே கதைதானா?

#2 உடலியல்வகுப்பு
அதே கதைதான். 0.8 என்பது மொத்தக் கணக்கு, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 4 லிட்டர் காற்றும் வலது நுரையீரலுக்கும் 5 லிட்டர் ரத்தமும் இடது நுரையீரலுக்கும் போனாலும் விகிதம் 0.8-தான், ஆள் இருக்க மாட்டார். ஒவ்வொரு நுண்ணறைக் கூட்டத்திலும் விகிதம் என்ன என்பதுதான் கேள்வி.

நல்ல பகுதி ஏன் ஈடுகட்டுவதில்லை என்பதைக் கணக்குப் போட்டே பாருங்கள். ஹீமோகுளோபின் 15 என்று வையுங்கள். ஒரு கிராம் 1.34 மி.லி. ஆக்சிஜன் பிடிக்கும், ஆக முழுக் கொள்ளளவு 100 மி.லி. ரத்தத்துக்கு 20.1 மி.லி. இரண்டு பகுதிகள், இரண்டுக்கும் சம அளவு ரத்தம்.

காற்று குறைந்த பகுதி: ஆக்சிஜன் அழுத்தம் 40, நிறைவு (ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பிய பங்கு) 75%, உள்ளடக்கம் (100 மி.லி. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன்) 15.2.
காற்று மிகுந்த பகுதி: அழுத்தம் 130, நிறைவு 99%, உள்ளடக்கம் 20.3.

கலந்தால் 17.75. நிறைவு சுமார் 87–88%, அழுத்தம் 55-ஐ ஒட்டி வரும். 40-க்கும் 130-க்கும் சராசரி 85 என்று போட்டால் தவறு இங்கேதான் நுழைகிறது. ரத்தம் கலக்கும்போது சராசரி ஆவது அழுத்தம் அல்ல, உள்ளடக்கம். அழுத்தத்துக்கு எதிரே உள்ளடக்கத்தை வரையும் வளைகோடு 100-க்கு மேல் தட்டையாகிவிடுகிறது. நல்ல பகுதிக்கு எவ்வளவு காற்றைத் தள்ளினாலும் 20.1 இருக்கையும் நிரம்பிய பிறகு கரைந்து ஏறுவது ஒரு மி.மீ.-க்கு 0.003 மி.லி. மட்டும். அது கடனை அடைக்கப் போதாது.

#3 நுண்ணறை
அப்படியானால் கார்பன் டை ஆக்சைடும் கெட்ட பகுதியில் தேங்கத்தானே வேண்டும்? அது எப்படி 40-லேயே நிற்கிறது?

#4 உடலியல்வகுப்பு
தேங்கத்தான் செய்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடின் வளைகோடு நாம் புழங்கும் எல்லைக்குள் கிட்டத்தட்ட நேர்கோடு. நல்ல பகுதியில் காற்றோட்டத்தை இரட்டித்தால் அங்கிருந்து வரும் ரத்தத்தில் அது நிஜமாகவே குறையும், கெட்ட பகுதியின் மிச்சத்தை ஈடுகட்டும். மூளைத்தண்டு செய்வது இதைத்தான்: கொஞ்சம் ஏறியதும் மூச்சைக் கூட்டுகிறது, 40-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன நோயாளியின் மொத்தக் காற்றோட்டம் அதிகமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. அவர் அந்தக் கூடுதல் உழைப்பைத் தாங்க முடியாமல் சோரும்போதுதான் எண் ஏறத் தொடங்கும். மூச்சுத்திணறும் ஆஸ்துமாக்காரரின் ஏபிஜியில் கார்பன் டை ஆக்சைடு 30-லிருந்து "நார்மலான" 40-க்கு வந்தால் மகிழக் கூடாது என்பது இதனால்தான்.

#5 வெண்டிலேட்டர்_அலாரம்
இயல்பான நுரையீரலிலேயே விகிதம் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் வெஸ்ட் 1960-களில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிரியக்க வாயுக்களை வைத்துச் செய்த வேலை இன்றும் அடித்தளம். நின்ற நிலையில் உச்சியில் விகிதம் 3.3, அடியில் 0.63. உச்சியில் ஆக்சிஜன் 132, அடியில் 89.

காரணம் எடை. நுரையீரலின் உயரம் 30 செ.மீ. 30 செ.மீ. உயர ரத்தத் தூண் என்றால் சுமார் 23 மி.மீ. பாதரசம். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தமே 15-தான். அதனால் உச்சிக்கு ரத்தம் ஏறத் திணறும். காற்றும் அடியில்தான் அதிகம் போகிறது: ப்ளூரல் அழுத்தம் (நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் உள்ள அழுத்தம்) உச்சியில் −10 செ.மீ. தண்ணீர், அடியில் −2.5. உச்சி நுண்ணறைகள் ஏற்கெனவே விரிந்து நிற்கின்றன, இனி விரிய இடமில்லை. அடியில் உள்ளவை சுருங்கி இருப்பதால் மூச்சிழுக்கும்போது நன்றாக விரிகின்றன. மேலிருந்து கீழே வர வர இரண்டும் கூடும், ஆனால் ரத்தம் கூடும் வேகம் காற்றைவிட மிக அதிகம். விகிதம் சரிவது அதனால்தான்.

காசநோய்க் கிருமி பெரியவர்களில் மேல் மடலில் குடியேறுவதற்கு அங்குள்ள அதிக ஆக்சிஜனும் ஒரு காரணம் என்று விளக்குவார்கள்.

#6 கிளைவழி
ஈர்ப்பு விசைக்கு இவ்வளவு பங்கு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே உயரத்தில் உள்ள துண்டுகளை எடுத்து அளந்தால் அவற்றுக்குள்ளேயே ரத்த ஓட்டம் பல மடங்கு மாறுகிறது. ராப் க்ளென்னி குழு விலங்குகளில் நுண்கோளங்களைச் செலுத்திக் காட்டியது இதைத்தான். தமனி இரண்டிரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு கவையிலும் சிறு சமனின்மை இருந்தால், இருபது தலைமுறை தாண்டும்போது அது பெரிதாகிவிடும். 1991-ல் ஸ்பேஸ்லேப் பயணத்தில் எடையற்ற நிலையில் அளந்தபோதும் சீரின்மை குறைந்ததே தவிர மறையவில்லை.

என் பார்வையில் பொருத்தத்தின் பெரும்பகுதி அமைப்பிலேயே இருக்கிறது. மூச்சுக்குழலும் தமனியும் ஒரே உறையில் ஜோடியாக ஓடுகின்றன, சேர்ந்தே கிளைக்கின்றன. காற்று குறைவாகப் போகும் கிளைக்கு ரத்தமும் குறைவாகவே போகும்படி அந்த மரம் வளர்ந்திருக்கிறது. அதனால்தான் ரத்த ஓட்டம் இவ்வளவு சீரற்று இருந்தும் விகிதம் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கிறது.

#7 வெண்டிலேட்டர்_அலாரம்
மறுக்கவில்லை. ஆனால் படுக்கையருகே நம் கையால் மாற்றக்கூடியது ஈர்ப்புதான். கிளை அமைப்பை நான் மாற்ற முடியாது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க முடியும்.

#8 தியேட்டர்_இரண்டு
மூன்றாவது ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள்: ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனி சுருங்குவது. 1946-ல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டியது. உடலின் மற்ற ரத்தக்குழாய்கள் ஆக்சிஜன் குறைந்தால் விரியும், இது மட்டும் இறுகும். நுண்ணறை ஆக்சிஜன் 100-க்கு மேல் இருக்கும்வரை பெரிய மாற்றமில்லை, 70-க்குக் கீழே வேகமாக இறுகும். நரம்பு இணைப்பு தேவையில்லை. வெட்டியெடுத்த நுரையீரலிலும் நடக்கும். தமனியின் மென்தசையே உணர்கிறது: பொட்டாசியம் வாய்க்கால்கள் மூடி, கால்சியம் உள்ளே வந்து, தசை இறுகுகிறது. சில நொடிகளில் தொடங்கி சில நிமிடங்களில் முதல் கட்டம் முடியும். அரை மணி நேரத்துக்குப் பின் இரண்டாவது கட்டம், இன்னும் பலமாக.

ஒரு நுரையீரலை மட்டும் காற்றூட்டும் அறுவையில் இதை நேரிலேயே பார்க்கலாம். காற்று போகாத நுரையீரலுக்கும் பாதி ரத்தம் போனால் ஷன்ட் (காற்றைத் தொடாமலே கடந்துபோகும் ரத்தத்தின் பங்கு) 50% ஆகியிருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்திருப்பதும் இந்தச் சுருக்கமும் சேர்ந்து அதை 20–30%-க்கு இறக்குகின்றன. அதைக் கெடுப்பவை: நைட்ரோகிளிசரின், நைட்ரோபுருசைடு, கால்சியம் தடுப்பான்கள், 1 மேக்-க்கு (மயக்க வாயுவின் அளவு அலகு) மேல் போகும் வாயு மயக்கமருந்து, அதிகமாக ஊதி உண்டாக்கும் காரநிலை. இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்த அளவு ஏறி நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்தாலும் சுருங்கிய குழாய் பிதுங்கித் திறந்துவிடும்.

எஸ்பிஓ2 விழுந்தால் நான் பார்க்கும் வரிசை: எஃப்ஐஓ2-வை (இழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) 100%-க்கு ஏற்று. பிராங்கோஸ்கோப் போட்டு இரட்டைக்குழாய் (இரு நுரையீரலையும் பிரித்து ஊதும் குழாய்) நகர்ந்ததா என்று பார் (பாதிக்கு மேல் விடை இங்கேயே கிடைக்கும்). சளியை உறிஞ்சு. கீழ் நுரையீரலை ஒருமுறை விரித்துவிட்டு பீப் (மூச்சுவிட்ட முடிவிலும் விட்டுவைக்கும் அழுத்தம்) 5 வை. அதற்கும் ஏறவில்லை என்றால் மேல் நுரையீரலுக்கு 5 செ.மீ. சிபேப் (விடாமல் கொடுக்கும் காற்றழுத்தம்), அல்லது கொஞ்ச நேரம் இரண்டையும் ஊது. டைடல் அளவு (ஒரு மூச்சின் காற்று) கிலோவுக்கு 4–6 மி.லி.-க்குள் வையுங்கள். பீப்பைக் கண்டபடி ஏற்றினால் கீழ் நுரையீரலின் தந்துகிகள் நசுங்கி ரத்தம் மேலே, காற்றில்லாத பக்கத்துக்குப் போகும். சிகிச்சையே ஷன்ட்டைக் கூட்டிவிடும்.

#9 கிளைவழி
அந்தச் சுருக்கம் உள்ளூர் நோய்க்கு உதவும், நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் குறைந்தால் திருப்பிவிட வேறு இடமே இல்லை. 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறுபவர்களில் சிலருக்கு நுரையீரல் நீர்கோப்பது அப்படித்தான்: சுருக்கம் சீராக இல்லாமல், சுருங்காத பகுதித் தந்துகிகள் மேல் முழு அழுத்தமும் விழுகிறது. முதல் சிகிச்சை இறங்குவதும் ஆக்சிஜனும். நிஃபெடிபின் (ஒரு கால்சியம் தடுப்பான்) அங்கே பயன்படுவது இதே காரணத்தால்தான். தியேட்டரில் வேண்டாத மருந்து மலையில் வேண்டியதாகிறது.

#10 ஐசியூ_இரவுப்பணி
#1-ல் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விகிதம் குறைவாக இருப்பதும் (0.1 மாதிரி) விகிதம் பூஜ்யமாக இருப்பதும் வார்டில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஆக்சிஜனுக்கு வேறு வேறு மாதிரி பதில் சொல்லும்.

குறைந்த விகிதப் பகுதிக்குக் கொஞ்சமாவது காற்று போகிறது. ஆக்சிஜன் செறிவைக் கூட்டினால் அங்கேயும் நைட்ரஜன் மெல்ல வெளியேறி ஆக்சிஜன் ஏறும். சிஓபிடி, ஆஸ்துமாவில் 24–28%-லேயே எஸ்பிஓ2 ஏறுவது இதனால். மிகக் குறைந்த விகிதப் பகுதிகள் நிரம்ப 20–30 நிமிடம் ஆகலாம், ஐந்தாவது நிமிடம் ஏபிஜி எடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதாதீர்கள்.

ஷன்ட்டில் ரத்தம் காற்றையே பார்ப்பதில்லை. நிமோனியா திரவம் நிறைந்த நுண்ணறை, முழுதாய்ச் சரிந்த மடல், ஏஆர்டிஎஸ் (நுரையீரலில் பரவலாக வரும் தீவிர அழற்சி). 50% ஷன்ட், ஹீமோகுளோபின் 15, தமனி–சிரை ஆக்சிஜன் வேறுபாடு 100 மி.லி. ரத்தத்துக்கு 5 மி.லி. என்று வைத்துக் கணக்கிட்டால், அறைக்காற்றில் நிறைவு சுமார் 74%. அதை 100% ஆக்சிஜனாக மாற்றினால் 84%. அவ்வளவுதான்.

இதே கணக்கில் இன்னொன்றை மாற்றிப் பாருங்கள். இதயம் தளர்ந்து தமனி–சிரை வேறுபாடு 5-லிருந்து 8 ஆனால், 100% ஆக்சிஜனிலும் நிறைவு 70%-க்கு விழும். நுரையீரலில் எதுவும் மாறவில்லை, திரும்பி வரும் சிரை ரத்தம் இன்னும் வெறுமையாக வருகிறது, ஷன்ட் அதை அப்படியே தமனிக்கு அனுப்புகிறது. அதனால் காய்ச்சல், நடுக்கம், வெண்டிலேட்டரோடு போராட்டம், குறைந்த ஹீமோகுளோபின், குறைந்த ரத்த அழுத்தம் எல்லாமே "நுரையீரல் மோசமாகிறது" என்ற வேஷத்தில் வரும். எக்ஸ்ரே மாறாமல் எஸ்பிஓ2 மட்டும் விழுந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

#11 நுண்ணறை
அப்படியானால் சந்தேகம் இருந்தால் எல்லாருக்கும் 100% கொடுத்துவிட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

#12 ஐசியூ_இரவுப்பணி
இரண்டு நஷ்டம். ஒன்று, குறைந்த விகிதப் பகுதியில் நுண்ணறையைத் திறந்து வைத்திருந்தது நைட்ரஜன். அதைக் கழுவிவிட்டால், வரும் ஆக்சிஜனைவிட ரத்தம் உறிஞ்சுவது வேகமாகி நுண்ணறை சரிந்துவிடும். குறைந்த விகிதம் முழு ஷன்ட் ஆகிவிடும். இரண்டாவது, சிஓபிடி: அங்கே அதிக ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும்.

டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே 405 பேரைப் பிரித்துச் செய்த சோதனை 2010-ல் வெளியானது. 88–92% இலக்கு வைத்து அளந்து கொடுத்தவர்களில் இறப்பு 4%, வழக்கமான அதிக ஓட்ட ஆக்சிஜனில் 9%.

செய்முறை: வென்சூரி மாஸ்க் (ஆக்சிஜன் செறிவைக் குறித்த அளவில் வைப்பது) 24% அல்லது 28%-ல் தொடங்குங்கள், 30–60 நிமிடத்தில் ஏபிஜி. வால்வின் நிறத்தை நம்பாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேலே அச்சிட்ட சதவீதத்தையும் லிட்டரையும் படித்து ஃப்ளோமீட்டரை வையுங்கள். நெபுலைசரை ஆக்சிஜனில் ஓட்டினால் அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் அதிக ஆக்சிஜன்தான் கொடுக்கிறீர்கள். காற்றில் ஓட்டி, மூக்குக் குழாயில் ஆக்சிஜனைத் தொடருங்கள்.

#13 பல்ஸ்_95
ஆக்சிஜன் கொடுத்தால் அவர்களுடைய மூச்சு உந்துதல் அணைந்துவிடும், அதனால்தானே சார் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது? எங்கள் வார்டில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

#14 உடலியல்வகுப்பு
அது சிறு பங்கு. 1980-ல் ஓபியே குழு தீவிர மூச்சுத்திணறலில் இருந்த சிஓபிடி நோயாளிகளுக்கு 100% கொடுத்து அளந்தது. 15-ஆவது நிமிடத்தில் மொத்தக் காற்றோட்டம் பழைய அளவில் 93%. கார்பன் டை ஆக்சைடோ சராசரியாக 23 மி.மீ. ஏறியிருந்தது. 7% குறைவு 23 மி.மீ.-ஐ விளக்காது.

பெரும்பங்கு இந்த இழையின் விஷயமே. ஆக்சிஜன் ஏறியதும் மோசமான பகுதிகளின் தமனி சுருக்கம் தளர்கிறது, ரத்தம் அங்கே திரும்பிப் போகிறது, நல்ல பகுதிக்குப் போகும் காற்று ரத்தமின்றி வீணாகிறது. கூடவே ஹால்டேன் விளைவு: ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடுகிறது. இயல்பானவர் கொஞ்சம் வேகமாய் மூச்சுவிட்டுச் சமாளிப்பார். இவருக்கு அந்த மிச்ச பலம் இல்லை.

"உந்துதல் அணையும்" என்ற பாடத்தில் ஆபத்து என்னவென்றால், பயந்துபோய் ஆக்சிஜனைச் சட்டென்று கழற்றுவார்கள். கார்பன் டை ஆக்சைடு 80 இருக்கும்போது அறைக்காற்றுக்கு மாற்றினால் நுண்ணறை ஆக்சிஜன் 150 − 80/0.8 = 50. தொடங்கும் முன் இருந்ததைவிடக் கீழே. கழற்றாதீர்கள், படிப்படியாக இலக்குக்கு இறக்குங்கள். அமிலநிலை இருந்தால் பைபேப் (மாஸ்க் வழியே மூச்சுக்குத் துணைசெய்யும் இயந்திரம்).

#15 காமா_கேமரா
மறுமுனை பற்றி யாரும் பேசவில்லையே, காற்று போகிறது, ரத்தம் போகவில்லை. நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால் அந்தப் பகுதி டெட் ஸ்பேஸ். வி/க்யூ ஸ்கேனில் இரண்டையும் தனித்தனியே படமாக்குகிறோம். ரத்தத்துக்கு டெக்னீசியம்-99எம் ஏற்றிய ஆல்புமின் துகள்கள், 10–90 மைக்ரான், தந்துகியிலும் சிறு தமனியிலும் மாட்டிக்கொள்ளும். காற்றுக்கு டெக்னீகாஸ் அல்லது டிடிபிஏ ஏரோசால்.

கெட்டுப்போகும் இடங்கள்: ஊசியைப் படுத்த நிலையில் போட வேண்டும், உட்கார்ந்தால் துகள் எல்லாம் அடியில் சேரும். சிரிஞ்சைக் குலுக்க வேண்டும். ரத்தத்தைப் பின்னிழுத்துக் கலக்கினால் துகள்கள் திரண்டு படத்தில் பளிச்சென்ற புள்ளிகளாக நிற்கும், மறுபடி எடுக்க வேண்டிவரும். வழக்கமாக 2 முதல் 5 லட்சம் துகள்கள். நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம் இருந்தாலோ இதயத்தில் வலமிருந்து இடம் வழி இருந்தாலோ 1 லட்சம் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

சிடி ஆஞ்சியோ வந்த பிறகு இதற்கு வேலை குறைந்தது உண்மை. ஆனால் பழைய ரத்தக்கட்டிகளால் வரும் நுரையீரல் ரத்த அழுத்தத்தைத் தேடும்போது இன்றும் முதல் சோதனை இதுதான்.

#16 நுண்ணறை
டெட் ஸ்பேஸ் என்றால் காற்றுதானே வீண், ரத்தம் எதுவும் காற்றில்லாமல் போகவில்லையே. பிறகு பல்மனரி எம்போலிசத்தில் (இந்த ரத்தக்கட்டி அடைப்பில்) ஆக்சிஜன் ஏன் விழுகிறது?

#17 ஐசியூ_இரவுப்பணி
நல்ல கேள்வி. அடைபட்ட பகுதி நேரடியாக ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. அங்கே போக வேண்டிய ரத்தம் மிச்சப் பகுதிகளுக்குத் தள்ளப்படுகிறது, காற்று அதே அளவு, ஆக அங்கே விகிதம் விழுகிறது. வலது இதயம் திணறினால் சிரை ரத்தமும் வெறுமையாகும், அதுவும் சேரும்.

படுக்கையருகே அறிகுறி: மூச்சுவெளி கார்பன் டை ஆக்சைடு. தமனிக்கும் அதற்கும் வழக்கமான இடைவெளி 2–5 மி.மீ. மானிட்டரில் எண் திடீரென்று விழுந்து, ஏபிஜியில் தமனி அளவு அப்படியே இருந்தாலோ ஏறினாலோ, டெட் ஸ்பேஸ் கூடியிருக்கிறது. கட்டி மட்டுமே காரணம் அல்ல: ரத்த அழுத்தம் விழுந்தாலும், பீப் அதிகமாகித் தந்துகி நசுங்கினாலும் இதே படம்தான்.

#18 வெண்டிலேட்டர்_அலாரம்
ஏஆர்டிஎஸ்-ல் கவிழ்த்துப் படுக்கவைப்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்லாந்தால் முதுகுப்புற நுரையீரல் இதயத்துக்கும் வயிற்றுக்கும் அடியில் நசுங்கும், ரத்தமோ அங்கேதான் அதிகம். கவிழ்த்தால் முதுகுப்புறம் திறக்கிறது, ஆனால் ரத்த ஓட்டம் பெருமளவு முதுகுப்புறத்திலேயே தங்குகிறது. இந்த இடத்தில் #6 சொன்ன கிளை அமைப்பு ஜெயிக்கிறது. முழுக்க ஈர்ப்பு என்றால் ரத்தமும் நெஞ்சுப்புறத்துக்கு ஓடியிருக்க வேண்டும், லாபமே இருந்திருக்காது.

2013-ல் வந்த ப்ரோசீவா ஆய்வில் 466 பேர். பிஎஃப் விகிதம் (தமனி ஆக்சிஜன் அழுத்தத்தை எஃப்ஐஓ2-வால் வகுத்தது) 150-க்குக் கீழ், எஃப்ஐஓ2 குறைந்தது 0.6, ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம். 28 நாள் இறப்பு 16%, மல்லாந்தவர்களில் 32.8%. ஆக்சிஜன் ஏறவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. அழுத்தம் பரவலாவதால் வரும் பாதுகாப்பு எஸ்பிஓ2-வில் தெரியாது, அதனால் நேரத்தை முழுசாகக் கொடுங்கள்.

#19 பல்ஸ்_95
ஒரு பக்கம் மட்டும் நிமோனியா என்றால் எந்தப் பக்கம் படுக்க வைப்பது?

#20 வெண்டிலேட்டர்_அலாரம்
பெரியவர்களில் நல்ல நுரையீரல் கீழே. ரத்தம் கீழே போகும், அங்கே காற்றும் இருக்கிறது. திருப்பி 15–20 நிமிடத்தில் எஸ்பிஓ2 சொல்லிவிடும்.

விதிவிலக்குகள்: நிறைய ரத்தம் துப்புகிறவருக்கும் சீழ்க்கட்டி உள்ளவருக்கும் கெட்ட பக்கம் கீழே, இல்லையென்றால் அது நல்ல பக்கத்தில் வடிந்துவிடும். கைக்குழந்தைக்கு நல்ல பக்கம் மேலே. மார்புக்கூடு மெத்தென்று இருப்பதால் கீழ்ப்பக்கச் சிறு காற்றுவழிகள் மூடிக்கொள்ளும், காற்று மேல் நுரையீரலுக்கே போகும்.